கண்ணில் இருபத்து நாலு கிலோ

என்னைப் போன்ற பயந்தாங்கொள்ளியிடம் எந்த நோயின் பேரை வேண்டுமானாலும் சொல்லலாம். நம்பரை மட்டும் சொல்லக் கூடாது. பேர் நாலு நாளில் மறந்துபோகும். நம்பர் மறக்காது. படுத்தால் பக்கத்திலேயே படுத்துக்கொள்ளும், எழுந்தால் நமக்கு முன்னால் எழுந்து பல் விளக்கிக்கொண்டு நிற்கும்.

நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். கிணத்துக்கடவில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறேன். எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, புதுசாகச் செப்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுவேன், கிணற்று மோட்டார் மாட்டுவேன், பைப்லைன் போடுவேன். இதெல்லாம் நடந்தபோது எனக்கு முப்பத்து நாலு வயது, கல்யாணம் ஆகியிருக்கவில்லை. எங்கள் பக்கத்தில் முப்பதைத் தாண்டிய, டிகிரி இல்லாத பையனுக்குப் பெண் கிடைப்பது எவ்வளவு பாடு என்று உள்ளூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. "பையன் என்ன படிச்சிருக்கறானுங்க?" என்ற ஒரு கேள்வியிலேயே எட்டு ஜாதகம் திரும்பி வந்திருந்தது. ஒன்பதாவதாக ஆனைமலைப் பக்கமிருந்து ஒன்று பொருந்தியது. பெண் பேர் சுகந்தி. பி.காம். படித்துவிட்டு ஒரு தேங்காய் நார் மில் ஆபீசில் வேலை பார்த்தாள். அவள் வீட்டில் என் படிப்பைக் கேட்டுவிட்டும் "வந்து பாத்துட்டுப் போங்க" என்றார்கள். அம்மா மாசாணியம்மனுக்கு என்னென்ன நேர்ந்துகொண்டாள் என்று இன்றுவரை எனக்கு முழுசாகத் தெரியாது.

பெண் பார்க்கப் போக இன்னும் பத்து நாள் இருந்தது. அந்த நேரம் பார்த்து நான் கண் டெஸ்டுக்குப் போனேன். காயில் கட்டும் மெல்லிசு கம்பி கொஞ்ச நாளாக ரெண்டாகத் தெரிந்தது. காந்திபுரத்தில் ஒரு கண் ஆஸ்பத்திரி. அங்கே ஒரு மெஷின் முன்னால் தாடையை வைக்கச் சொல்லி, கண்ணுக்குள் 'புஸ்' என்று காற்றை அடித்தார்கள். (எனக்கு மூச்சே நின்றுபோனது.) டாக்டர் சீட்டைப் பார்த்தார்.

"கண்ணுல பிரஷர் இருபத்து நாலு இருக்குதுங்க. இருபத்தொண்ணு வரைக்கும் பரவாயில்லைம்போம். பயப்பட ஒண்ணுமில்ல. ஒரு மாசத்துல மறுக்காப் பாத்துக்கலாம்."

'பயப்பட ஒண்ணுமில்ல' என்று ஒருவர் வாயால் சொன்ன பிறகுதான் எனக்குப் பயமே ஆரம்பிக்கும்.

பைப் வேலை செய்கிறவனுக்குப் பிரஷர் என்றால் கிலோதான். நாலு கிலோ பைப், ஆறு கிலோ பைப், பத்துக் கிலோ பைப் என்று எவ்வளவு பிரஷர் தாங்குமோ அதை வைத்துத்தான் நாங்கள் வாங்குவோம். பத்துக் கிலோ பைப் தடிமனாக, கல்லு மாதிரி இருக்கும். அதுவே வால்வைத் திடீரென்று மூடினால் படாரென்று தெறித்து, எதிரில் நிற்பவனைக் குளிப்பாட்டிவிடும். இங்கே என் கண்ணில் இருபத்து நாலு. கண் என்ன பி.வி.சி.யா? வெங்காயத் தோல்.

"டாக்டருங்க, இது வெடிக்குமுங்களா?" என்று கேட்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "எதுங்க?"

"கண்ணுங்க."

பாவம், அவர் பொறுமையாகச் சொன்னார். இது வேறு அளவு, பாதரசக் கணக்கு, வெடிக்காது. ஆனால் இந்த அழுத்தம் நிஜமாகவே கூடி, வருசக்கணக்கில் கவனிக்காமல் விட்டால், பின்னால் இருக்கும் நரம்பு வலி இல்லாமல், சத்தம் இல்லாமல் செத்துக்கொண்டு வரும். செத்தது திரும்ப வராது. என் காதில் 'செத்து' மட்டும் விழுந்தது. என்ன செய்யக் கூடாது என்று கேட்டேன். என் முகத்தைப் பார்த்து நாலைந்து சொன்னார். ஒரே மூச்சில் லிட்டர் கணக்கில் தண்ணீர் குடிக்க வேண்டாம். தலைகீழாக நிற்கும் ஆசனம் வேண்டாம். மூச்சைப் பிடித்துக்கொண்டு பாரம் தூக்க வேண்டாம். கழுத்தை இறுக்கும் காலர் வேண்டாம். கண்ணைக் கசக்க வேண்டாம். தினமும் நடந்தால் நல்லது. அவ்வளவுதான்.

பொள்ளாச்சி பஸ்ஸில் உட்கார்ந்து போனில் தேடினேன். காந்திபுரத்தில் ஐந்தாக இருந்தது, கிணத்துக்கடவில் இறங்கும்போது பதினாலாக இருந்தது. குனியக் கூடாது. குப்புறப் படுக்கக் கூடாது. காப்பி கூடாது. நாதஸ்வரம் ஊதக் கூடாது. (நான் விசில்கூட அடித்ததில்லை, ஆனாலும் எழுதி வைத்தேன்.) நாள்காட்டித் தாளின் பின்பக்கம் பதினாலையும் எழுதி, மீதி இடத்தில் நோய் முற்றினால் என்னென்ன தெரியும் என்பதையும் எழுதி, சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டேன்.

வீட்டில் அந்தப் பத்து நாளும் அட்டகாசம். அக்கா மகளின் பிறந்த நாளுக்குப் பலூன் ஊத மாட்டேன் என்றேன். அது அழுதது. செருப்பு கட்டிலுக்கு அடியில் போய்விட்டால் விளக்குமாற்றால் தள்ளி எடுத்தேன். அம்மா ஒரு நாள் தாளைப் பிடுங்கி முழுக்கப் படித்தாள்.

"தங்கராசு, இங்க பாரு கண்ணு. பையனுக்குக் கண்ணுல கோளாறுன்னு ஒரு வார்த்த வெளிய போச்சுன்னா, இந்த ஜாதகமும் திரும்பீரும். பொண்ணூட்ல கண்ணப் பத்தி நீ வாயத் தொறக்கக் கூடாது. சொல்லிப்போட்டேன்."

நான் அம்மா பேச்சை மீறாதவன். வாயைத் திறக்கவில்லை. ஆனால் பதினாலு விதியையும் விடவில்லை. கேடு அங்கேதான் ஆரம்பித்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை அம்மா, அக்கா, அக்கா வீட்டுக்காரரான மச்சான், நான் என நாலு பேரும் காரில் கிளம்பினோம். வழி முழுக்க அம்மா என் கழுத்துப் பட்டனைப் போட்டாள், நான் கழற்றினேன். கோவில்பாளையத்தில் போட்டது தாமரைக்குளத்தில் கழன்றது. அங்கே போட்டது பொள்ளாச்சியில் கழன்றது. ஆனைமலையில் இறங்கும்போது ரெண்டு பட்டன் திறந்து, பஞ்சாயத்துக்கு வந்த ரவுடி மாதிரி இருந்தேன்.

தென்னந்தோப்புக்குள் ஓட்டு வீடு. சுகந்தியின் அப்பா வாசலில் நின்று, "வாங்கோ, வாங்கோ" என்று கைகூப்பி, இடுப்பு வரை குனிந்து வரவேற்றார். எங்கள் பக்கத்து மரியாதை அது. பதிலுக்கு மூன்று தலை குனிந்தது. நாலாவது தலை கொடிக்கம்பம் மாதிரி நின்றது.

அடுத்தது நிலவு, அதாவது நிலைவாசல். பழைய வீடு, நிலவு குட்டை. யாராக இருந்தாலும் தலையைக் குனிந்துதான் உள்ளே போக வேண்டும். நான் தலையைக் குனியாமல், முட்டியை மட்டும் மடக்கி, கழுத்தை நேராக வைத்துக்கொண்டு அப்படியே உள்ளே நகர்ந்தேன்.

"மாப்ள, என்னடா அடக்கோழி மாதிரிப் போற?" என்று மச்சான் என் முதுகுக்குப் பின்னால் முணுமுணுத்தார்.

உள்ளே உட்கார்ந்ததும் சுகந்தியின் அம்மா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். வந்த ஒறம்பரைக்கு, அதாவது விருந்தாளிக்கு, முதலில் தண்ணீர்தான். அது தாகத்துக்குக் கொடுப்பதல்ல. வாங்கிக் குடித்தால் இந்த வீட்டோடு உறவு வேண்டும் என்று அர்த்தம். குடிக்காமல் கீழே வைத்தால், அந்தக் குடும்பத்தோடு தலைமுறைப் பகை என்று அர்த்தம். பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளையே குடிக்காவிட்டால் என்ன அர்த்தம் என்று நானே சொல்ல வேண்டுமா? சொம்பு ஒரு லிட்டர் பிடிக்கும். தொண்டை வறண்டு கிடந்தது. ஒரு வாய், அதுவும் கோவில் தீர்த்தம் அளவுக்கு உறிஞ்சிவிட்டு, சொம்பை ஓரமாக வைத்தேன்.

சுகந்தியின் அம்மா முகம் வாடியது. "காப்பி கொண்டாரட்டுங்களா?"

"வேண்டாமுங்க."

"பாலுங்க?"

"வேண்டாமுங்க."

"மோராவது சித்த..."

"இருக்கட்டுங்க."

சுகந்தியின் அப்பா மெதுவாகக் கேட்டார். "எங்கூட்டுத் தண்ணி ஒத்துக்காதுங்களா?"

அக்கா என் காலை மிதித்தாள். அவள் மிதித்ததில் எனக்குப் பிரஷர் ஏறியிருக்குமோ என்று யோசித்துக்கொண்டிருந்தபோது சுகந்தி காப்பித் தட்டோடு வந்தாள். நல்ல களையான முகம். நேராகப் பார்த்தாள். அவள் முந்தானை பட்டு, மேசையில் இருந்த வெற்றிலைத் தட்டிலிருந்து ஒரு எலுமிச்சம்பழம் உருண்டு கீழே விழுந்தது. உருண்டு உருண்டு என் எதிரில் வந்தது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். குனிந்து எடுத்துக் கையில் கொடுத்தால் முடிந்தது. அதுவரை நடந்தது முழுக்க மறந்துகூடப் போயிருக்கும். என் மூளையில் 'ஆறாவது விதி, குனியக் கூடாது' என்று ஓடியது. கால் தானாக நீண்டது. மங்கலத் தட்டுப் பழத்தைக் காலால் நிறுத்தி, லேசாக அவள் பக்கம் தள்ளிவிட்டேன்.

(உட்கார்ந்து எடுத்திருக்கலாம். மச்சானை எடுக்கச் சொல்லியிருக்கலாம். பத்து வருசமாக எனக்குப் புதுசு புதுசாக யோசனை வந்துகொண்டேதான் இருக்கிறது.)

எங்கள் ஊர்ப்பக்கம் கோபம் வந்தால் குரல் ஏறாது, 'ங்க'தான் ஏறும். சுகந்தியின் அப்பா சொன்னார்: "சரிங்க. இருக்கட்டுங்க. பெரிய எடத்துப் பழக்கமுங்க போலங்க."

நான் மனசுக்குள் எண்ணினேன். நாலு.

மச்சான் எப்படியாவது மானத்தைக் காப்பாற்றப் பார்த்தார். "மாப்ள சித்த கூச்ச சுபாவமுங்க. ஆனா மோட்டார்ல கைய வெச்சான்னா நெம்பக் கெட்டிக்காரனுங்க."

"அப்படீங்களா? எங்க கெணத்து மோட்டாருங்கூட ரெண்டு நாளாத் தண்ணி எடுக்க மாட்டீங்குது. சித்த பாத்துட்டுப் போலாமுங்களா?"

அப்பாடா என்று இருந்தது. இது என் தொழில். எல்லாரும் கிணற்று மேட்டுக்குப் போனோம். அங்கே போன பிறகுதான் தெரிந்தது, மோட்டார் இடுப்பளவு குழிக்குள் இருந்தது. இறங்கித் தலையைத் தொங்கப்போட்டுக் குனிந்தால்தான் எதுவும் பார்க்க முடியும்.

நான் குழிக்கு வெளியே, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

"பைப் ஜாயிண்ட்ல காத்து இழுக்குதுங்க. யாராவது எறங்கி அந்த நட்ட டைட் பண்ணணுமுங்க."

சுகந்தியின் அப்பா என்னை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரே இறங்கினார். சுகந்தி ஸ்பானர் எடுத்துக் கொடுத்தாள், பைப்பை நிரப்பக் குடத்தில் தண்ணீர் மொண்டுவந்து ஊற்றினாள்.

"ஏனுங்க, இந்த நட்டுங்களா?" என்று நிமிர்ந்து கேட்டாள்.

"அதுக்குப் பக்கத்துலீங்க."

"நீங்களே சித்த எறங்கிப் பாத்தா சுலுவா இருக்குமுங்களே."

"இங்கிருந்தே நல்லாத் தெரியுதுங்க."

இப்படியே இருபது நிமிடம், பெண் கேட்டு வந்தவன் மேட்டில் நிற்க, பெண்ணைப் பெற்றவர் குழிக்குள் தலைகுப்புறக் கிடந்து வேலை பார்த்தார். அம்மா என் பக்கமே திரும்பவில்லை. சுவிட்சைப் போட்டதும் மோட்டார் இரைந்தது, தொட்டியில் தண்ணீர் பாய்ந்தது. அந்த மனுசருக்கு என் மேல் எவ்வளவு கசப்பு இருந்தாலும் தண்ணீரைப் பார்த்ததும் சிரித்தார். சிரித்துக்கொண்டே மேலே ஏறியவர், இடது பக்கம் கிடந்த பைப்பைக் கவனிக்காமல் இடறி, முட்டிபோட்டு விழுந்தார். பட்டப்பகலில், தொடைத் தடிமன் இருக்கும் பைப்.

"ஒண்ணுமில்லீங்க" என்று கண்ணைக் கையால் மூடிக்கொண்டார். "சித்த நேரம் குனிஞ்சாலே இப்படித்தாங்க. மங்கலாப் போயிரும். ராத்திரியா இருந்தா பல்பச் சுத்தி வானவில்லாட்ட வட்டமாத் தெரியும். அப்புறமேட்டுச் சரியாப் போயிருமுங்க."

பல்பைச் சுற்றி வானவில்.

அது என் சட்டைப் பையில் இருந்தது. நாள்காட்டித் தாளின் அடியில், என் கையெழுத்தில். பத்து நாளாக ஒவ்வொரு சாயங்காலமும் வீட்டுப் பல்பை முறைத்துப் பார்த்து, வட்டம் தெரிகிறதா என்று நான் தேடிக்கொண்டிருந்தது அதைத்தான். பக்கத்தில் கிடப்பது தெரியாமல் இடறுவதும் அந்தத் தாளில் இருந்தது.

அப்புறம் நடந்ததெல்லாம் என்னை மீறி நடந்தது. ஓடிப் போய் அவர் முன்னால் குனிந்து, ரெண்டு தோளையும் பிடித்துக்கொண்டேன். "எத்தன நாளாத் தெரியுதுங்க இப்படி? கண்ணு வலிக்குதுங்களா? தல நோவுதுங்களா? நீங்க குனியவே கூடாதுங்க மாமா. இது கண்ணுல பிரஷருங்க. எனக்கும் இருக்குதுங்க. இருபத்து நாலு கிலோங்க. அதுனாலதானுங்க தண்ணி குடிக்கல, அதுனாலதானுங்க எலுமிச்சம்பழத்த..."

அம்மா மெதுவாகக் கிணற்றுச் சுவர் மேல் உட்கார்ந்தாள். மச்சான் கார் சாவியைத் தேட ஆரம்பித்தார். சுகந்தியின் அப்பா என் கையைத் தோளிலிருந்து எடுத்துவிட்டு, "நல்லதுங்க. போயிட்டு வாங்கங்க" என்றார்.

காரில் பொள்ளாச்சி தாண்டியதும் அம்மா ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். "தண்ணியாவது குடிச்சிருக்கலாம், சாமி."

எனக்குப் பொக்கென்று போனது. ஜாதகம் திரும்பிவரும் என்று காத்திருந்தோம். ஒரு வாரம் ஒரு தகவலும் இல்லை. எட்டாம் நாள் கடையில் காயில் கட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"ஏனுங்க, தங்கராசுங்களா? எலுமிச்சம்பழத்த ஒதச்சீங்களே, அந்த ஊட்ல இருந்து பேசறேனுங்க."

"ஒதைக்கலீங்க. நிறுத்துனேனுங்க."

"சரிங்க, நிறுத்துனீங்க." சுகந்தி சிரித்த மாதிரி இருந்தது. பிறகு குரல் மாறியது. "நீங்க போனதுல இருந்து அப்பாவக் கவனிச்சுட்டே இருக்கறேனுங்க. எடது பக்கம் எது நின்னாலும் அவருக்குத் தெரிய மாட்டீங்குது. நேத்து கட்டியிருந்த கன்னுக்குட்டி மேலயே போயி மோதிட்டாருங்க. ஆசுபத்திரிக்குக் கூப்பிட்டா, அந்தக் கிறுக்கன் பேச்சக் கேட்டுட்டு நான் வர மாட்டேங்கறாரு. எந்த ஆசுபத்திரிங்க அது?"

எனக்கும் மறு டெஸ்டுக்கு நாள் நெருங்கியிருந்தது. அன்றைக்கே கூட்டிவரச் சொன்னேன். என்ன சொல்லிக் கூட்டிவந்தாளோ, காந்திபுரத்தில் அந்த ஆஸ்பத்திரி பெஞ்சில் அவர் ஒரு ஓரம், நான் ஒரு ஓரம், நடுவில் சுகந்தி. அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

முதலில் என்னைக் கூப்பிட்டார்கள். மெஷின் பார்க்கும் அம்மிணி ரெண்டு தடவை அளந்துவிட்டு, பழைய சீட்டைப் பார்த்தாள். "பதினேழுதானுங்க இருக்குது. போன தடவ டெஸ்டுக்கு முன்னாடி என்ன பண்ணுனீங்க?"

யோசித்துச் சொன்னேன். லேட்டாகிவிட்டதென்று பஸ் ஸ்டாண்டிலிருந்து ஓடி வந்தேன். வந்ததும் ஒரு லிட்டர் பாட்டிலை ஒரே மூச்சில் காலி பண்ணினேன். கழுத்து இறுக்கும் புதுச் சட்டை. காற்று அடிக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக்கி...

"அப்புறம் ஏறாம என்னங்க பண்ணும்?" என்றாள். "உங்க கண்ணுல ஒண்ணுமில்லீங்க. உங்க பயத்தத்தான் போன தடவ மெஷின் அளந்திருக்குது."

சந்தோசத்தில் எழுந்து குதித்திருக்க வேண்டும், அதற்கு நேரமில்லை. அடுத்து அவர் உட்கார்ந்தார். மெஷின் அம்மிணி அளந்தாள். மறுபடி அளந்தாள். எழுந்து போய் டாக்டரைக் கூட்டிவந்தாள்.

அதற்கப்புறம் ரெண்டு மணி நேரம் என்னென்னவோ டெஸ்ட். கடைசியில் டாக்டர் சொன்னதை நான் என் மொழியில் புரிந்துகொண்டேன். கண்ணுக்குள் ஊறும் தண்ணீர் வடிந்து போகிற வழி அவருக்குக் குறுகலாக இருக்கிறது. குனிந்தால் இன்னும் அடைத்துக்கொள்கிறது. லேசரில் ஒரு சின்ன ஓட்டை போட்டால், நாங்கள் பைப்லைனில் பைபாஸ் விடுகிற மாதிரி, தண்ணீர் போய்விடும். அப்புறம் தினமும் சொட்டு மருந்து. இடது கண்ணில் பக்கத்துப் பார்வை கொஞ்சம் போனது போனதுதான். மீதியைக் காப்பாற்றிக்கொள்ளலாம். இன்னும் ஒரு வருசம் விட்டிருந்தால் அதற்கும் உத்தரவாதம் இல்லை.

சுகந்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு ஒன்றுமில்லை, அவருக்கு இருந்தது. பத்து நாள் பலூன் ஊதாமல், செருப்பை விளக்குமாற்றால் எடுத்து, ஊரைக் கூட்டியவன் நான். குழிக்குள் குனிந்து கிடந்தவர் அவர். அவரைக் குனிய வைத்ததும் நான். பதினேழு என்ற நம்பரைப் பையில் வைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்காரவே வெட்கமாக இருந்தது.

அவர் எதிர்ச் சுவரைப் பார்த்தார். இடது கண்ணை மூடினார், திறந்தார். வலதை மூடினார், திறந்தார். பிறகு சுகந்தி கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை வாங்கி, மூடியைத் திருகி, என் பக்கம் நீட்டினார்.

"தண்ணி குடிங்க."

ஒரு லிட்டர் பாட்டில், முழுசாக இருந்தது. டாக்டர் ரூம் கதவு திறந்தேதான் இருந்தது. நான் வாங்கி அண்ணாந்து, மூச்சு விடாமல், கடைசிச் சொட்டு வரை குடித்தேன். சட்டையெல்லாம் நனைந்துவிட்டது.

"அப்பச் சரிங்க" என்றார்.

எண்ணிப் பார்த்தேன். ஒரே ஒரு 'ங்க'தான் இருந்தது. சுகந்தி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தாள்.

கல்யாணம் முடிந்து முதல் விருந்துக்கு ஆனைமலைக்குப் போனபோது, எல்லாருக்கும் சொம்பில் தண்ணீர் வந்தது. எனக்கு மட்டும் தட்டு நடுவில் ஒரு பாலாடை, கைக்குழந்தைக்குப் பால் புகட்டுவோமே, அந்த வெள்ளிப் பாலாடை. "மாப்பிள்ளைக்குக் கொஞ்சங் கொஞ்சமாக் குடுத்தாத்தான் ஒத்துக்குமுங்க" என்றார் மாமியார். அன்றிலிருந்து அந்தச் சொந்தத்தில் எந்த வீட்டுக்குப் போனாலும் எனக்குப் பாலாடைதான். எங்கள் பெண் பிறந்தபோது மூன்று மாதம் அவள் அதை வாங்கிக்கொண்டாள். பிறகு கழுவித் துடைத்து எனக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

மாமனாருக்கு மீதிப் பார்வை அப்படியே நிற்கிறது. அவருக்குத் தானாக மருந்து விட வராது, கன்னத்தில் விட்டுக்கொள்வார். நான் ஆனைமலையில் இருக்கிற நாளெல்லாம் அந்த வேலை எனக்கு. அவர் நாற்காலியில் தலையைச் சாய்த்துக்கொள்வார். நான் பின்னால் நின்று, இடுப்பை வளைத்து, முகத்துக்கு நேராகக் குனிந்து, இமையை விலக்கி ஒரு சொட்டு விடுவேன். ஒவ்வொரு முறையும், மருந்து விழுவதற்கு முன்னால், மேலே என்னைப் பார்த்து, டாக்டரிடம் என் முதல் நாள் கதையைக் கேட்டு வைத்திருந்த அவர், அதையேதான் சொல்வார்.

"பாத்துக் குனீங்க மாப்பிள்ள, வெடிச்சிரப் போவுது."